கைக்குழந்தையோட ஏர்போர்ட் செக்யூரிட்டி: யார் முதல்ல போறது, யார் கடைசியா போறது?

கேள்வி | 2025 ஆகஸ்ட் 2, இரவு 10.40

அடுத்த மாசம் திருச்சில இருந்து சிங்கப்பூர் போறோம். நான், மனைவி, நாலு வயசுப் பொண்ணு, பத்து மாசப் பையன். நான் வேலை விஷயமா தனியா போய்ட்டு வந்தவன்தான், குடும்பத்தோட இதுதான் முதல் தடவை. செக்யூரிட்டி செக்ல குழந்தைங்க அழுது, பை எல்லாம் பிரிச்சு, பின்னாடி நிக்கிறவங்க முறைச்சு, இதெல்லாம் நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு. ரெண்டு மணி நேரம் முன்னாடியே உள்ள போயிட்டா போதும், மத்ததெல்லாம் தானா நடந்துடும்னு என் நினைப்பு. அக்காக்கள், அண்ணன்கள் என்ன சொல்றீங்க?

பதில் | ஆகஸ்ட் 2, இரவு 11.25

தம்பி, சீக்கிரம் போறது நல்லதுதான், ஆனா அது மட்டும் போதாது. நீங்க தனியா போனப்ப ஒரே ஆள், ஒரே பை. நம்ம ஊர் ஏர்போர்ட்ல குடும்பமா போனா செக்யூரிட்டில குடும்பத்தையே ரெண்டாப் பிரிச்சுடுவாங்க. ஆம்பளைங்களுக்குத் தனி வரிசை, வெட்டவெளில மேடை மேல நிக்க வெச்சு செக் பண்ணி அனுப்பிடுவாங்க. பொம்பளைங்களுக்குத் தனி வரிசை, திரை போட்ட சின்ன அறைக்குள்ள பெண் அதிகாரி செக் பண்ணுவாங்க. அந்த அறை கம்மி, அதனால அந்த வரிசை மெதுவாத்தான் நகரும். பை, ஃபோன், ஷூ எல்லாம் பெல்ட்ல அதுபாட்டுக்கு அந்தப் பக்கம் போயிடும். ஆக அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், பை ஒரு பக்கம், குழந்தை யார்கிட்டன்னு யாருக்கும் தெரியாது. சிக்கல் வர்றது இங்கதான். வெளிநாட்டுக்காரங்க எழுதுற டிப்ஸ்ல இது இருக்கவே இருக்காது, ஏன்னா அங்க குடும்பம் மொத்தமா ஒரே வரிசைல போகும்.

அதனால வீட்லயே உக்காந்து பேசி முடிவு பண்ண வேண்டியது ஒண்ணுதான். யார் முதல்ல போறது, யார் கடைசியா போறது, எந்தக் குழந்தை யார்கிட்ட.

நாங்க செய்றது இது. கைக்குழந்தையோட நான் முதல்லயே லேடீஸ் வரிசைல போய் நின்னுடுவேன், என் கைல பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், குழந்தை, அவ்ளோதான். என் ஹேண்ட்பேக், ஃபோன் உட்பட எல்லாமே வீட்டுக்காரர்கிட்ட. அவர் பெரியவளைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் டிரேல போடுவார். நான் அந்தத் திரைக்குப் பக்கத்துல போனதும் ஒரு கை காட்டுவேன், அப்புறம்தான் அவர் டிரேயைத் தள்ளுவார். கடைசி டிரே மெஷினுக்குள்ள போற வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். அந்தப் பக்கம் யார் முதல்ல வர்றாங்களோ அவங்க பெல்ட் முடியுற இடத்துல நிக்கணும், வேற எங்கயும் போகக் கூடாது. இவ்ளோதான் ஏற்பாடு.

ஆகஸ்ட் 3, காலை 6.50

நேத்து தூக்கத்துல விட்டுட்டேன். சாப்பாட்டு விஷயம்.

பாப்பாவுக்கான பால், கூழ், மருந்து எல்லாத்தையும் ஒரே பைல வைங்க. நாலு பைல பிரிச்சு வெச்சா நாலு பையையும் ஓரமா தள்ளுவாங்க, நாலையும் திறக்கணும். ஒரே பைன்னா ஒரு தடவை திறந்தா முடிஞ்சுது. அந்தப் பையை பெல்ட்ல வைக்கும்போதே "பேபி மில்க், பேபி ஃபுட்"னு சொல்லிடுங்க. தமிழ் தெரியாத அதிகாரியா இருந்தாலும் இந்த ரெண்டு வார்த்தை புரியும், நம்ம முகத்தையும் குழந்தையையும் பாத்து விட்டுடுவாங்க.

100 மில்லி கணக்கு இன்டர்நேஷனல் ஃப்ளைட்டுக்கு. திரவம், ஜெல், பேஸ்ட் எல்லாம் 100 மில்லிக்கு மேற்படாத பாட்டில்ல, ஒரு லிட்டர் பிடிக்கிற ஜிப் வெச்ச கண்ணாடிக் கவர்ல. 2006 ஆகஸ்ட்ல லண்டன்ல இருந்து கிளம்புற விமானங்கள்ல திரவ வெடிபொருள் வைக்கிற சதியைக் கண்டுபிடிச்சாங்க இல்லையா, அதுக்கப்புறம் உலகம் பூரா வந்த விதி இது. கைக்குழந்தையோட பால், உணவு, மருந்துக்கு விலக்கு உண்டு, பயணத்துக்குத் தேவையான அளவு. பாட்டில்ல எவ்ளோ மிச்சம் இருக்குங்கிறது கணக்கே இல்ல, பாட்டிலோட கொள்ளளவுதான் கணக்கு. 200 மில்லி பாட்டில் அடில கொஞ்சூண்டு தேங்காய் எண்ணெய் இருந்தாலும் எடுத்துப் போட்டுடுவாங்க. கிரைப் வாட்டர் பாட்டிலும் பெரும்பாலும் 100 மில்லிக்கு மேல, அதை மருந்துன்னு சொல்லி வெளில எடுத்துக் காட்டணும், டாக்டர் சீட்டு கூட இருந்தா பேச்சே இல்ல.

இட்லி, சப்பாத்தி, புளியோதரை எல்லாம் தாராளமா போகும். சாம்பார், சட்னி, தயிர் போகாது, அது திரவக் கணக்கு. இட்லில பொடியும் எண்ணெயும் தடவியே கொண்டு போங்க. நம்ம ரயில் பயண வழக்கம் இங்கயும் கைகொடுக்கும்.

ஆகஸ்ட் 3, மதியம் 2.15

கொலுசைக் கழட்டுங்க!! அரைஞாண் கொடியையும்.

இது ரொம்ப முக்கியம், யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. எங்க சின்னவன் இடுப்புல பாட்டி போட்ட வெள்ளி அரைஞாண், அதுல ஒரு தாயத்து, பத்தாததுக்கு கறுப்புக் கயித்துல ஒரு ஊக்கு. அந்தக் கை மெஷினை அவன் வயித்துக்கிட்ட கொண்டு வந்தாலே கீய்ங்னு கத்தும். டயப்பரைத் தளர்த்தி, சட்டையைத் தூக்கிக் காட்டி, அந்தப் பெண் அதிகாரி விரலால அரைஞாணைத் தொட்டுப் பாத்து, தாயத்தைத் திருப்பிப் பாத்து, "ஓகே"ன்னு சொல்றதுக்குள்ள பின்னாடி ஒரு பெரிய வரிசை. அவங்க வேலையை அவங்க செய்றாங்க, தப்பே இல்ல. ஆனா தூங்கிட்டு இருந்த குழந்தை முழிச்சுடுச்சு, அப்புறம் அவனைத் தூங்க வைக்க நான் பட்ட பாடு.

பயணத்துக்கு முதல் நாளே கொலுசு, காப்பு, அரைஞாண் எல்லாத்தையும் கழட்டி ஒரு சின்ன பர்ஸ்ல போட்டு ஹேண்ட்பேக்ல வைங்க. பாட்டி ஒத்துக்க மாட்டாங்கன்னா கறுப்புக் கயிறு மட்டும் இருக்கட்டும், ஊக்கு வேண்டாம். அதே மாதிரி நடந்தா லைட் எரியுற ஷூ, உள்ள பேட்டரி இருக்கும், சத்தம் போட வாய்ப்பு இருக்கு. அன்னிக்கு சாதா செருப்பு போதும்.

ஆகஸ்ட் 3, இரவு 9.30

தனியா ஒருத்தர் கேட்டிருந்தாங்க, பாலை எக்ஸ்ரேல விட்டா கெட்டுப் போகாதா, குழந்தைக்கு ஆகாதேன்னு மாமியார் சொல்றாங்களாம். எங்க வீட்லயும் இதே பேச்சு வந்துச்சு. எக்ஸ்ரே ஒரு நொடி ஊடுருவிப் போயிடும், பால்ல ஒண்ணும் தங்காது. நாம நடந்து போற கதவு மாதிரி இருக்கே அது எக்ஸ்ரேயே இல்ல, வெறும் மெட்டல் டிடெக்டர், லேசான காந்தப்புலம்தான். கர்ப்பிணியும் போகலாம், கைக்குழந்தையும் போகலாம். அமெரிக்காவுல பாலை எக்ஸ்ரேல விட வேண்டாம்னு கேட்டா வேற விதமா செக் பண்ணுவாங்க, கொஞ்சம் நேரம் கூட ஆகும்.

ஆனா ஒண்ணு, குழந்தை மட்டும் அந்தப் பெட்டிக்குள்ள போகவே கூடாது. சிரிக்காதீங்க, 2006 டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு பாட்டி ஒரு மாசக் குழந்தையை டிரேல படுக்க வெச்சு பெல்ட்ல விட்டுட்டாங்க. ஆபரேட்டர் பாத்துட்டு உடனே வெளில எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, ஆபத்தான அளவு கதிர்வீச்சு இல்லைன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. பாவம் அந்தப் பாட்டி, மொழியும் தெரியாது, விமானப் பயணமும் பழக்கமில்ல. நம்ம ஊர்ல இருந்து பேரன் பேத்தியைக் கூட்டிட்டு தனியா வர்ற அம்மாக்களை நினைச்சுப் பாருங்க, "குழந்தையை தூளியில இருந்து எடுத்துக் கைல வெச்சுக்கிட்டு நடந்து போகணும், தூளி மட்டும்தான் பெல்ட்ல"ன்னு விவரமா சொல்லி அனுப்புங்க. ஸ்ட்ரோலரும் அப்படித்தான், மடிச்சு பெல்ட்ல, மெஷின்ல நுழையலைன்னா கையால தடவிப் பாப்பாங்க. அதுக்கு அடில இருக்கிற கூடைல பிஸ்கட் துணுக்கு, தண்ணி பாட்டில், கிலுகிலுப்பை எல்லாம் கிடக்கும், வரிசைக்கு வர்றதுக்கு முன்னாடியே அதைக் காலி பண்ணிடுங்க.

ஆகஸ்ட் 6, இரவு 8.05

மேல நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அம்மா முதல்லன்னு எழுதினது கைக்குழந்தையும் ஒரு பெரிய குழந்தையும் இருக்கிற வீட்டுக்கு. ரெண்டும் ஓடுற வயசுன்னா யோசனை வேற. ஓடுற பிள்ளையை டிரே போடுற ஆள்கிட்ட விடவே கூடாது, அவருக்கு ரெண்டு கையும் வேலை, பெல்ட் அடில பூந்து அந்தப் பக்கம் போயிடும். என் தம்பி வீட்ல ரெண்டு வாண்டு. தம்பியை முதல்ல வெறுங்கையோட அனுப்பிடுவாங்க, அவன் அந்தப் பக்கம் போய் நின்னதும் பெரிய பிள்ளை நேரா அவன்கிட்ட போயிடுவான், அவன் மனைவி சின்னதோட கடைசில. டிரேயை மனைவியோட அம்மா பாத்துப்பாங்க. எங்க ஏற்பாட்டுக்கு நேர் எதிர், ஆனா அவங்களுக்கு அதுதான் சரி. அதனால நான் சொன்ன வரிசையை அப்படியே எடுத்துக்காதீங்க, முன்கூட்டியே ஒரு வரிசை முடிவு பண்ணணும்ங்கிறதை மட்டும் எடுத்துக்கோங்க.

ஆகஸ்ட் 6, இரவு 8.20

ஸ்கூல் பேகை ஹேண்ட் லக்கேஜா எடுத்துட்டுப் போறவங்க அதைத் தலைகீழாக் கவுத்துக் கொட்டிட்டு, அப்புறம் அடுக்குங்க. ஜாமெட்ரி பாக்ஸ்ல காம்பஸ் இருக்கும். கிராஃப்ட் கத்தரிக்கோல் இருக்கும். திருவிழாவுல வாங்கின பொம்மைத் துப்பாக்கி இருக்கும், அது கண்டிப்பா கேபின்ல கூடாது, பொம்மைன்னு பாத்தாலே தெரிஞ்சாலும் கூடாது. ஸ்லைம் ஜெல் கணக்கு.

பவர் பேங்க் கைப்பைல மட்டும்தான், செக்-இன் பெட்டில வெச்சா கூப்பிட்டு விட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுவாங்க, குழந்தையோட திரும்ப ஓடணும். 100 வாட்-அவர் வரைக்கும் சரி, சாதாரண 10,000, 20,000 எம்ஏஎச் எல்லாம் அதுக்குள்ள வந்துடும். டேப்லெட், சார்ஜர், கேபிள் எல்லாம் ஒரே துணிப் பைல போட்டு வெச்சா அப்படியே எடுத்து டிரேல வெச்சுடலாம்.

ஆகஸ்ட் 9, மாலை 5.40

பொண்ணை எப்படித் தயார் பண்றதுன்னு கேட்டிருக்கீங்க தம்பி. நாலு வயசுன்னா விளையாட்டுதான். வீட்ல மனைப்பலகை மேல ஏறி நின்னு கையை ஏரோப்ளேன் மாதிரி விரிக்கணும், நீங்க டார்ச் லைட்டை வெச்சு முன்னாடி பின்னாடி காட்டணும், "டிக் டிக், போகலாம்"னு சொல்லணும். அப்புறம் அவ உங்களுக்கு செக் பண்ணட்டும். எங்க பொண்ணு இதுல ரொம்ப கறார், என் சட்டைப் பை, காது எல்லாம் பாத்துட்டுத்தான் விடுவா.

பொம்மையைப் பத்தியும் சொல்லி வெக்கணும். கைல இருக்கிற பொம்மையைப் பிடுங்கி பெல்ட்ல போட்டா எந்தக் குழந்தையும் அழும். எங்களது ஒரு துணி யானை, ஒரு காது நூல் பிரிஞ்சு தொங்கும், அது இல்லாம தூங்க மாட்டா. "யானைக்கும் எக்ஸ்ரே எடுப்பாங்க, அது உள்ள போய்ட்டு அந்தப் பக்கம் உனக்கு முன்னாடி வந்து நிக்கும்"னு வீட்லயே சொல்லிட்டோம். அவளே டிரேல படுக்க வெச்சா, தொங்குற காதை மடிச்சு விட்டா. வெளில வந்ததும் அங்க நின்ன சிஐஎஸ்எஃப் (ஏர்போர்ட் பாதுகாப்பைப் பாக்கிற மத்தியப் படை) அண்ணாகிட்ட "யானைக்கு காய்ச்சல் இருக்கா?"ன்னு கேட்டா, அவர் ஹிந்திக்காரர், புரியல, நான் சொன்னதும் யானை நெத்தில கையை வெச்சுப் பாத்துட்டு "நோ ஃபீவர்"னார். எனக்கு அன்னிக்குப் பூரா மனசு லேசா இருந்துச்சு. கெடுபிடியா இருக்கிற இடம்தான், ஆனா அங்க நிக்கிறவங்களுக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்கு.

இந்த சிஐஎஸ்எஃப் ஏர்போர்ட்டுக்கு வந்ததே 2000ல தான், அதுக்கு முன்னாடி மாநில போலீஸ். 1999 டிசம்பர்ல காத்மாண்டுல இருந்து வந்த விமானத்தை காந்தஹாருக்குக் கடத்தினாங்களே, அதுக்கப்புறம் மாத்தினது. இவ்ளோ கெடுபிடி எதுக்குன்னு அலுத்துக்கிறவங்ககிட்ட நான் இதைச் சொல்றதுண்டு.

ஆகஸ்ட் 10, காலை 7.10

திரும்பி வர்றப்ப சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல ஒரு விஷயம் மனசுல வைங்க, நம்ம ஊர் பழக்கத்துல போனா அங்க மாட்டிக்குவோம். சாங்கில டெர்மினல் 1, 2, 3ல செக்யூரிட்டி செக் விமானம் ஏறுற கேட் கிட்டதான், இமிக்ரேஷன் முடிஞ்சதும் கிடையாது. டெர்மினல் 4ல மட்டும் நம்ம ஊர் மாதிரி முதல்லயே. அதனால என்ன ஆகும்னா, இமிக்ரேஷன் முடிஞ்சதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுத் தண்ணி வாங்குவோம், ஜூஸ் வாங்குவோம், குழந்தைங்க விளையாடுற இடத்துல நல்லா ஆட விடுவோம், கேட்டுக்கு வர்றப்ப குழந்தை ஸ்ட்ரோலர்ல தூங்கியிருக்கும். அங்க போனா எழுப்பித் தூக்கணும், தண்ணியைக் கொட்டணும், ஷூல இருந்து எல்லாம் பாக்கணும். அழுகை நிச்சயம்.

அதனால சாங்கில விளையாட்டை முன்னாடியே முடிச்சு, கேட் திறந்ததும் முதல் ஆட்களா உள்ள போய், செக்யூரிட்டி முடிச்சுட்டு உள்ள உக்காந்து தூங்க வைங்க. காலி பாட்டில் மட்டும் கொண்டு போங்க, உள்ள தண்ணி பிடிக்கிற இடம் இருக்கும்.

துபாய், தோஹா வழியா போறவங்களும் மறக்க வேண்டாம், டிரான்சிட்ல திரும்பவும் ஒரு செக் இருக்கு. முதல் ஃப்ளைட்ல வாங்கி வெச்ச தண்ணி அங்க போகாது. நடுராத்திரில, அரைத்தூக்கத்துல நடக்கிற செக் அது, அதுக்குன்னு தெம்பு மிச்சம் வைங்க.

ஆகஸ்ட் 17, இரவு 10.00

அமெரிக்கா பத்திக் கேட்டவங்களுக்கு. அக்கா நியூ ஜெர்சில இருக்கறதால இது தெரியும்.

அங்க குழந்தை பால், ஃபார்முலா, கூழ் எல்லாத்துக்கும் 100 மில்லி கணக்கு இல்ல, வெளில எடுத்து வெச்சு சொல்லிடணும், அவ்ளோதான். தாய்ப்பால் கொண்டு போகக் குழந்தை கூட இருக்கணும்னு கூட அவசியம் இல்ல, வேலைக்குப் போற அம்மாக்களுக்கு இது பெரிய நிம்மதி. ஐஸ் பேக்கும் சரி. 12 வயசு வரைக்கும் குழந்தைங்க ஷூ கழட்ட வேண்டாம்னு ரொம்ப நாளா இருந்துச்சு, 2025 ஜூலைல இருந்து பெரியவங்களும் பொதுவா கழட்ட வேண்டாம்னு மாத்திட்டாங்க. பிரீசெக் (முன்னாடியே பதிவு பண்ணி சுருக்கமான சோதனைல போற திட்டம்) வெச்சிருக்கிறவங்க கூட 12 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க அதே லேன்ல போகலாம்.

நம்ம ஆட்கள் மாட்டுறது பொடில. 2018 ஜூன்ல இருந்து அமெரிக்கா போற ஃப்ளைட்ல 350 மில்லி அளவுக்கு மேல எந்தப் பொடியும் கைப்பைல இருந்தா தனியா செக் பண்ணுவாங்க, என்னன்னு தெரியலைன்னா எடுத்துடுவாங்க. ஃபார்முலா பவுடருக்கு விலக்கு உண்டு. ஆனா நம்ம சத்துமாவு? அம்மா வறுத்து அரைச்சு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல அடைச்சுக் கொடுத்தது, மேல ஒரு எழுத்து இருக்காது. பழுப்பா ஒரு பொடி, அவ்ளோதான் தெரியும் அவங்களுக்கு. எவ்ளோ விளக்கினாலும் எடுபடாது. பயணத்துக்கு வேணும்ங்கிற ரெண்டு மூணு வேளைக்கு மட்டும் சின்ன டப்பால கைப்பைல, மிச்சம் எல்லாம் செக்-இன்ல. ராகி மாவு, நேந்திரங்காய் பொடி, இட்லிப் பொடி எல்லாத்துக்கும் இதேதான். நம்ம ஏர்போர்ட்லயே மிளகாய்ப் பொடி, மிளகாய் ஊறுகாயைக் கைப்பைல விட மாட்டாங்க, அதையும் பெட்டில போட்டுடுங்க.

ஆகஸ்ட் 24, காலை 11.30

சபரிமலைக்கு குழந்தையோட ஃப்ளைட்ல போறதைப் பத்தி ஒரு சாமி கேட்டிருக்கார், கன்னிச்சாமி ஏழு வயசாம். இருமுடில நெய்த்தேங்காய் இருக்கும், தேங்காய் வழக்கமா கேபின்ல கூடாது. ஆனா 2022லயும் 2024லயும் சீசனுக்கு மட்டும், ஜனவரி 20 வரைக்கும், இருமுடித் தேங்காயைக் கேபின்ல விட்டாங்க, எக்ஸ்ரேவும் மத்த சோதனையும் முடிச்சு. சீசன் கிட்ட வர்றப்ப இந்த வருஷ அறிவிப்பைப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க சாமி. குழந்தை தலைல இருந்து இருமுடியை இறக்கி பெல்ட்ல வைக்கணும்ங்கிறதை குருசாமி மூலமாவே சொல்ல வைங்க, அவர் சொன்னா சின்னச்சாமி கேப்பார். கொப்பரை வேண்டாம், அது தீப்பிடிக்கிற பொருள் கணக்கு, செக்-இன் பெட்டிலயும் கூடாது.

செப்டம்பர் 7, இரவு 9.15

தெர்மாஸ் ஃபிளாஸ்க். ஸ்டீல் ஃபிளாஸ்க்ல வெந்நீர் கொண்டு போனா திறந்து காட்டச் சொல்லுவாங்க, ஆவி பறக்கும், பக்கத்துல குழந்தை. நான் காலியாக் கொண்டு போய் உள்ள காபி கடைல கேட்டு வாங்கிக்கிறேன், குழந்தைக்குன்னா யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல. ஃபார்முலாவை ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு அளந்து வெச்சுட்டா போதும்.

வயசுச் சான்றும் கேட்டாங்க ஒருத்தங்க. உள்ளூர் ஃப்ளைட்டுக்கு அம்மா அப்பாகிட்ட அடையாள அட்டை இருந்தா கூட வர்ற குழந்தைக்கு வாசல்ல தனியா அட்டை வேண்டாம். ஆனா ரெண்டு வயசுக்குள்ளன்னு இன்ஃபன்ட் டிக்கெட் போட்டிருந்தா ஏர்லைன் கவுன்டர்ல பிறப்புச் சான்று கேப்பாங்க, ஒரு நகல் வைங்க. இன்டர்நேஷனல்னா பாப்பாவுக்கும் பாஸ்போர்ட்.

செப்டம்பர் 14, இரவு 8.45

தனியா பொண்ணைக் கூட்டிட்டுப் போற அப்பா ஒருத்தர் கேட்டது, மேல நான் எழுதினதுல அவருக்கு இடமே இல்லைன்னு. நியாயமான கேள்வி. அண்ணா, சின்னப் பொண்ணுன்னா உங்க கூடவே ஆண்கள் வரிசைல வரலாம், பெரும்பாலும் மெஷினை மேலோட்டமா காட்டி அனுப்பிடுவாங்க. எட்டு, ஒன்பது வயசுக்கு மேலன்னா பெண் அதிகாரிகிட்ட அனுப்பச் சொல்லலாம். அப்போ அவளை அந்த வரிசைல தனியா விட்டுட்டு நீங்க இந்தப் பக்கம் வந்துடாதீங்க. வரிசைக்கு முன்னாடியே அங்க நிக்கிற பெண் அதிகாரிகிட்ட "இவளுக்கு அம்மா கூட வரல, முதல்ல இவளைப் பாத்துடுங்க, நான் இங்கயே நிக்கிறேன்"னு சொல்லுங்க, அவளை முதல்ல அனுப்புங்க, அவ திரைக்குள்ள இருந்து வெளில வந்து பெல்ட் முடியுற இடத்துல நிக்கிறதைக் கண்ணால பாத்துட்டு அப்புறம் நீங்க டிரேயைத் தள்ளுங்க. போர்டிங் பாஸை அவ கைல குடுங்க, உங்க நம்பரை ஒரு சீட்டுல எழுதி அவ பாக்கெட்ல வைங்க. உள்ள என்ன செய்வாங்க, எங்க தொடுவாங்க, பிடிக்கலைன்னா வாய் திறந்து சொல்லணும்னு முதல் நாளே அவகிட்ட நீங்களே பேசிடுங்க. அத்தை, சித்தி யாராவது பக்கத்துல இருந்தா அவங்களையும் பேச வைங்க.